பரிசோதிக்கப்பட்ட சத்தம்

என் மாமனார் தான் வாங்கிய எந்தப் பொருளையும் இதுவரை முழுதாகப் பிரித்ததில்லை. அவர் வீட்டு டிவி ரிமோட் இன்னும் பாலிதீன் உறைக்குள்தான் இருக்கிறது. எந்தப் பொத்தான் எங்கே என்று தெரியாது, குத்துமதிப்பாக அமுக்க வேண்டும். ஃபிரிட்ஜின் நெற்றியில் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்து எழுந்தால் பிளாஸ்டிக் உறையும் நம்மோடு கொஞ்ச தூரம் எழுந்து வரும். ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் அதிகாரியாக இருந்தவர். சீல் உடையாததுதான் பொருள், மற்றதெல்லாம் குப்பை என்பது அவருடைய கட்சி.

அப்பேர்ப்பட்டவர் தன் புதுக் காரை என்னிடம் ஒப்படைத்தார். வேறு வழியில்லை. மூத்த மகளுக்குப் பிரசவம், அத்தையும் அவரும் விமானம் ஏற வேண்டியிருந்தது. சாவியை என் கையில் வைத்தவர், வளையத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி நிறுத்துங்க. அது போதும். ஓட்டணும்னு அவசியமே இல்ல."

அந்த வீட்டில் என் பெயர் கொஞ்சம் கெட்டுப்போய்த்தான் இருந்தது. கல்யாணமான புதிதில் அவர்கள் வீட்டுக் குழாயைத் திருகினேன், கையோடு வந்துவிட்டது. அடுத்த தடவை போனபோது மின்விசிறி ரெகுலேட்டர். எல்லாம் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவைதான், ஆனால் கடைசியாகத் தொட்டவன் நான். அன்றிலிருந்து மாமா எனக்குக் கண்ணாடி டம்ளரில் காபி கொடுப்பதில்லை. இந்தத் தடவை எப்படியாவது நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. வண்டியின் முதல் சர்வீஸ் தேதி வந்தபோது, ஆகட்டும் பார்க்கலாம் என்று நானே கிளம்பினேன்.

"அப்பா ஸ்டார்ட் பண்ணத்தானே சொன்னாரு. உங்களை யாரு சர்வீஸ் விடச் சொன்னா?" என்றாள் மனைவி.

"தேதி தாண்டினா வாரண்டி போயிடும்."

வாரண்டி என்ற சொல்லைக் கேட்டதும் அவள் வாயை மூடிக்கொண்டாள். என்ன இருந்தாலும் அவருடைய மகள்.

கம்பெனியின் சர்வீஸ் சென்டர், வெளியே இருந்து பார்த்தால் கண் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். தரையில் நம் முகம் தெரியும். உள்ளே யாரும் மெக்கானிக் இல்லை, எல்லோரும் ஏதோ ஒரு அட்வைசர். நம்மை வாடிக்கையாளர் என்று சொல்லமாட்டார்கள், "விருந்தினர்" என்பார்கள். விருந்தினரை உட்கார வைக்க ஒரு கண்ணாடி அறை. அங்கிருந்து பார்த்தால் நம் வண்டியைத் தவிர எல்லாருடைய வண்டியும் தெரியும்.

சாயங்காலம் வண்டியைத் திருப்பிக் கொடுத்தது ஒரு விழா. வண்டி மேல் சிவப்புத் துணி போர்த்தியிருந்தார்கள். சர்வீஸ் அட்வைசர், மடிப்புக் கலையாத சட்டை போட்ட இளைஞர், துணியை இழுத்தார். வரிசையாக நின்ற ஊழியர்கள் கை தட்டினார்கள். காலையில் நான் கொண்டுவந்து விட்ட அதே வண்டிதான். ஆனாலும் எனக்கு அதைப் புதிதாகப் பெற்றெடுத்தது போல் ஒரு பூரிப்பு வந்தது, பொய் சொல்லக் கூடாது.

அவர் பானெட்டைத் திறந்து காட்டினார். முன்பக்கம், என்ஜின் காற்று இழுக்கிற குழாயின் வாயில், நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டை கட்டியிருந்தது. 'இந்த வண்டி முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டது. அட்டையை விருந்தினர் அகற்றினால் வாரண்டி ரத்து.'

"இது எங்க க்வாலிட்டி டேக் சார். பானெட்டைத் திறந்ததும் கண்ணுல படணும்னு மேலிடத்து உத்தரவு. அதுக்காகவே இடம் பாத்துக் கட்டியிருக்கோம்."

வாசலைத் தாண்டி ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி 'ஙொய்ய்ய்' என்றது.

காலை எடுத்தேன், நின்றது. மிதித்தேன், 'ஙொய்ய்ய்.' கொஞ்சம் அழுத்தி மிதித்தேன். ஒரு கொசு, மைக் பிடித்துக்கொண்டு நம் காதில் ஏதோ முறையிடுவதுபோல் இருந்தது. காலையில் இந்தச் சத்தம் சத்தியமாக இல்லை. குழாய், ரெகுலேட்டர், இப்போது கார்.

வீட்டு வாசலில் நின்றிருந்த மனைவி, வண்டி தெருமுனை திரும்பும்போதே கேட்டுவிட்டாள். "அப்பா வர்றதுக்குள்ள இந்தச் சத்தம் போயிடணும். சொல்லிட்டேன்" என்று உள்ளே போனாள். அவர் வருவது ஞாயிற்றுக்கிழமை. அவருடைய வண்டியில் போய்த்தான் அவரை விமான நிலையத்திலிருந்து அழைத்து வரவேண்டும் என்பது ஏற்கெனவே முடிவான விஷயம்.

மறுநாள் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். அட்வைசர் நான் சொன்னதை அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்.

"சார், அது புது சத்தம் இல்ல."

"நேத்து காலைல இல்லையே."

"இருந்திருக்கும் சார். சர்வீஸுக்கு முன்னாடி உங்க வண்டில நெறைய சத்தம் இருந்தது. நாங்க எல்லாத்தையும் எடுத்துட்டோம். அதனால இது ஒண்ணு தனியா கேக்குது. நாங்க வேலையைச் சரியா செஞ்சதுக்கு அதுதான் சார் அத்தாட்சி. சுமாரா செஞ்சிருந்தா இது வெளியே தெரிஞ்சிருக்கவே இருக்காது."

எதற்கும் இருக்கட்டும் என்று புகாராகப் பதிந்துகொள்ளச் சொன்னேன். அவர் தன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். கம்பெனி ஒப்புக்கொண்ட சத்தங்கள் அதில் வரிசையாக இருந்தன. கடகட, கரகர, டொக்டொக், கிரீச். அவ்வளவுதான்.

"உங்களுது எது சார்?"

"ஙொய்."

"ஙொய் கிடையாதே சார்."

"ஆனா வண்டி அப்படித்தானே கத்துது!"

"வண்டி கத்தும் சார். சிஸ்டம் எடுக்காதே. இருக்கறதுல எது கிட்டத்தட்ட வருதுன்னு பாருங்க."

இரண்டு பேரும் சேர்ந்து யோசித்தோம். பக்கத்து மேஜைக்காரரும் வந்து கலந்துகொண்டார். கரகர என்றால் மூவருக்கும் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. கடைசியில் 'கிரீச்' என்று போட்டோம். கிரீச் என்றால் பிரேக். வண்டி பிரேக் பிரிவுக்குப் போனது. நன்றாக இருந்த பிரேக்கைக் கழற்றி, துடைத்து, நன்றாக இருக்கிறது என்று திரும்ப மாட்டினார்கள். சிவப்புத் துணி, கைதட்டல். பானெட்டைத் திறந்தால் நீல அட்டைக்குப் பக்கத்தில் ஒரு பச்சை அட்டை. 'பிரேக் பரிசோதிக்கப்பட்டது.'

வாசலைத் தாண்டியதும் வண்டி இரட்டைக் குரலில் பாட ஆரம்பித்தது.

பாதி வழியில் ஃபோன் வந்தது. தேன் தடவிய ஒரு பெண் குரல். "சார், எங்க சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பீங்க?"

"முதல்ல இந்தச் சத்தத்தைக் கேளுங்கம்மா" என்று ஃபோனை ஸ்டியரிங் பக்கம் நீட்டி, ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

"சந்தோஷமா இருக்கீங்கன்னு பத்து போட்டுக்கிறேன் சார். நன்றி."

அடுத்த தடவை அட்வைசரோடு நிற்கவில்லை, நேராக மேனேஜரிடம் போனேன். மேனேஜர் கழுத்தில் டை, டையில் கம்பெனி சின்னம், மேஜையில் அதே சின்னம் போட்ட கோப்பை. எங்கே பார்த்தாலும் சின்னம் இருக்கவே, அவர் மட்டும் எதற்காக இருக்கிறார் என்று எனக்கு ஒரு கணம் குழப்பமாகிவிட்டது.

"நாங்க சத்தத்தை ரொம்ப சீரியஸா எடுத்துக்குவோம் சார்" என்றார். "அதுக்குன்னே தனியா ஒரு ஒலிப் பிரிவு வச்சிருக்கோம். இன்னிக்கு உங்க முன்னாடியே கேட்டுடுவோம்."

எனக்கு உயிர் வந்தது. கூட்டிக்கொண்டு போனார். விசாலமான ஹால், சுவர் முழுக்க பஞ்சுத் தட்டி. நாலைந்து ஊழியர்கள் என் வண்டியை, இல்லை, மாமாவின் வண்டியை, தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஏன் தள்ளுகிறார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஒலிப் பிரிவின் தலைவர் வந்தார். மெலிந்த உருவம், மூடிய கண்கள். எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்று தலையைக் குனிந்தார்கள். அஞ்சலி செலுத்துகிறார்களோ என்று பயந்து நானும் குனிந்தேன்.

வெகுநேரம் கழித்துத் தலைவர் கண்ணைத் திறந்தார். "பரிபூரண அமைதி" என்றார்.

"சார், என்ஜினை ஸ்டார்ட் பண்ணவே இல்லையே!"

எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். மேனேஜர் என் தோளில் கை போட்டார்.

"சார், இது மூடின ஹால். உள்ள என்ஜினை ஓட விட்டா புகை வரும். ஊழியர் பாதுகாப்பு எங்களுக்கு உயிர். அதுவும் இல்லாம, என்ஜின் ஓடினா அந்தச் சத்தத்துல வேற எந்தச் சத்தமும் சரியா காதுல விழாது. இத்தனை வருஷ அனுபவத்துல சொல்றேன், ஸ்டார்ட் பண்ணாத வண்டில நாங்க இதுவரைக்கும் ஒரு குறைகூட கண்டுபிடிச்சது இல்ல."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எதையும் வெளியே விட வழி தெரியாமல் காபி மெஷின் பக்கம் போனேன். அங்கே இன்னொரு விருந்தினர், நரைத்த மீசைக்காரர், கோப்பையோடு நின்றிருந்தார்.

"உங்களுக்கும் ஙொய்தானா?" என்றார் மெதுவாக.

"உங்களுக்குமா?"

"எல்லாருக்கும்தான். வாசல்ல நின்னு பாருங்க, வெளியே போற வண்டி எல்லாம் அப்படித்தான் போகும். நான் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வச்சுக்குவேன். வீட்டுக்காரி இப்ப எனக்குக் காது மந்தம்னு நெனச்சுட்டு இருக்கா."

அன்று மஞ்சள் அட்டை. 'ஒலி பரிசோதிக்கப்பட்டது.' வண்டி மூன்று குரலில் கதறிக்கொண்டு வீடு வந்தது. தெருநாய்கள் வழி விட்டன.

சனிக்கிழமை காலை. நான் வாசல் படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். மாமா வந்து என்ன சொல்வார் என்பதைக்கூட என்னால் தாங்கிக்கொள்ள முடியும். ஒன்றும் சொல்லாமல் சாவியை மட்டும் வாங்கிக்கொள்வாரே, அதைத்தான் நினைக்க முடியவில்லை. மனைவிக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "போய் ஸ்டார்ட் பண்ணி மிதிங்க, நான் பாக்குறேன்" என்று பானெட்டைத் திறந்தாள்.

மிதித்தேன். 'ஙொய்ய்ய்.' சட்டென்று நின்றது. மறுபடி 'ஙொய்ய்ய்.' மறுபடி நின்றது.

"என்னடி பண்ற?"

"என்னங்க, இங்க வாங்களேன். இந்த அட்டைதாங்க கத்துது!"

காற்று உள்ளே இழுக்கும்போது அட்டைகள் மூன்றும் படபடவென்று துடித்தன. அவள் கட்டைவிரலால் அமுக்கினால் பேச்சு மூச்சு இல்லை. விரலை எடுத்தால் கச்சேரி. சத்தம் இல்லை என்று சாட்சி சொல்லக் கட்டிய அட்டைதான் சத்தமே போட்டுக்கொண்டிருந்தது. நடுத்தெருவில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

"பிச்சுப் போட்டுடவா?"

"ஐயோ, வேண்டாங்க. வாரண்டி ரத்துன்னு போட்டிருக்கே. அப்பா உயிரை விட்டுடுவாரு. அவங்களையே எடுக்கச் சொல்லுங்க."

நியாயம்தானே. நாலாவது முறையாகப் போனேன். இம்முறை எனக்குப் பயம் இல்லை. மேனேஜர், அட்வைசர், ஒலிப் பிரிவுத் தலைவர் மூவரையும் வாசலுக்கு வெளியே அழைத்து வந்து, புகைக்குப் பயமில்லாத இடத்தில் என்ஜினை ஓட விட்டேன். அட்வைசர் மிதித்தார். நான் விரலை வைத்தேன், அமைதி. எடுத்தேன், ஙொய். வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். ஒலிப் பிரிவுத் தலைவர் என்ஜின் ஓடி அன்றுதான் பார்க்கிறார் போலிருக்கிறது, இரண்டடி பின்னால் போனார்.

மேனேஜர் மோவாயைத் தடவினார். "நல்லா கவனிச்சிருக்கீங்க சார். நீங்க விரலை எடுக்கும்போதுதான் சத்தம் வருது."

"ஆமா சார்!"

"அப்ப எடுக்காதீங்க."

"சார், நான் வண்டி ஓட்டணும்!"

"அது உங்க சௌகரியம். அதுல நாங்க தலையிட முடியாது. ஆனா ஒண்ணு தெளிவாயிடுச்சு. விரல் இருக்கிற வரைக்கும் வண்டில குறை இல்ல. விரல் எங்க தயாரிப்பும் இல்ல."

"அந்த அட்டையை எடுத்துடுங்க சார், போதும்" என்றேன்.

"தாராளமா எடுக்கலாம். அதுக்கு ஒரு முறை இருக்கு. டேக்கை எடுத்தா வண்டி பரிசோதிக்காத வண்டி ஆயிடும். பரிசோதிக்காத வண்டியை வெளியே விட எங்களுக்கு அனுமதி இல்ல. அதனால திரும்பப் பரிசோதிக்கணும்."

"பரிசோதிச்சா?"

"டேக் போடுவோம்."

அட்வைசர் பெருமையோடு தலையசைத்தார். மேனேஜர் தொடர்ந்தார். "சார், ஒரு விஷயம் புரிஞ்சுக்கோங்க. வண்டி ஓடலன்னா ஒரு வண்டிதான் நிக்கும். டேக் இல்லன்னா இந்தக் கட்டடத்துல பாதிப் பேர் வேலை நின்னுடும். கட்டறதுக்கு ஒரு பிரிவு, கட்டினது சரியான்னு பாக்க ஒரு பிரிவு, மேலிடத்துக்கு ஃபோட்டோ அனுப்ப ஒரு பிரிவு. ரிப்பேர் பாக்கறது ரெண்டு பேர்தான், அவங்களும் இப்ப டேக் ட்ரெய்னிங் போயிருக்காங்க."

இருந்தாலும் என்னை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. என் புகாரை மதித்து டேக்குகள் மூன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னார். விரிசல் இல்லை, அச்சுப்பிழை இல்லை. ஒரு வெள்ளை அட்டையைச் சேர்த்துக் கட்டினார்கள். 'அட்டைகள் பரிசோதிக்கப்பட்டன.' சிவப்புத் துணி. கைதட்டல். இந்தத் தடவை உள்ளே மேஜையில் இருந்தவர்களும் எழுந்து வந்து தட்டினார்கள்.

ஞாயிறு மத்தியானம், விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நானும் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். வருகிற வழியெல்லாம் சிக்னலில் நின்றவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். விமானம் இறங்கிவிட்டது என்று ஃபோனில் வந்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. இறங்கினேன். பானெட்டைத் திறந்தேன். சாவிக்கொத்தில் இருந்த நகவெட்டியால் நாலு அட்டையின் கட்டுகளையும் கத்தரித்து, அட்டைகளைப் பக்கத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

"என்னங்க இது!" என்று மனைவி பதறினாள்.

"வாரண்டி போனா போகட்டும். மானம் இருக்கட்டும்."

ஏறி மிதித்தேன். பட்டுப் போல ஓடியது. அடடா, எத்தனை நாளாயிற்று! காது குளிர்ந்தது என்று எழுதுவார்களே, அதை அன்றுதான் அனுபவித்தேன். இந்த வண்டியில் மாமாவை உட்கார வைத்து ஒரு சத்தம் இல்லாமல் வீட்டு வாசலில் இறக்கினால், நாளை முதல் எனக்குக் கண்ணாடி டம்ளர்தான்.

மாமா மட்டும் தள்ளுவண்டியோடு வந்தார், அத்தை மூத்த மகளுக்குத் துணையாக அங்கேயே தங்கிவிட்டாள். பெட்டிகள் எல்லாம் பிளாஸ்டிக் சுற்றியிருந்தன. பேத்தி எப்படி இருக்கிறாள் என்று மனைவி அவரிடம் கேட்டாள்.

"என்னது?" என்று கத்தினார். "ரெண்டு காதும் அடைச்சுப் போச்சும்மா! ஃபிளைட் இறங்கும்போது அடைச்சது, இன்னும் விடல! ஒண்ணுமே கேக்கல!"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

மாமா நேராக வண்டியிடம் போனார். சீட்டில் பிளாஸ்டிக் உறை பத்திரமாக இருப்பதைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "சர்வீஸ் விட்டீங்களாமே மாப்பிள்ளை! இவ ஃபோன்ல சொன்னா!" என்று அந்த இடமே அதிரும்படி கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் பானெட்டைத் திறந்தார். வாரண்டி புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

"டேக் எங்க?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. வந்திருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

"சர்வீஸ் விட்டா முன்னாடி டேக் கட்டுவாங்களே மாப்பிள்ளை. பதினோராம் பக்கத்துல போட்டிருக்கே." அவர் குரல் மெல்ல இறங்கியது. "சர்வீஸ் விடலன்னா விடலன்னு சொல்லியிருக்கலாம். நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்?" கையை நீட்டினார். சாவிக்காக.

அந்த நீட்டிய கையைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஓடிப்போய்க் குப்பைத் தொட்டிக்குள் முழங்கைவரை விட்டேன். காபிக் கோப்பை, வாழைப்பழத் தோல், யாருடைய ஒற்றைக் காலுறையோ. அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "மோதிரமா தம்பி?" என்று கேட்டார். "டேக்கும்மா" என்றேன். அவருக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

நாலும் கிடைத்தன. சட்டையில் துடைத்து மாமாவிடம் நீட்டினேன். அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். முழுமையாக, பிரேக், ஒலி, அட்டைகள். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"நாலு பரிசோதனையா? ஒண்ணு செஞ்சாலே போதுமே மாப்பிள்ளை. எனக்காக இவ்வளவு அலைஞ்சீங்களா? அதைப் போய் ஏன் கழட்டினீங்க?"

"மழை கிழை பட்டுடுமோன்னுதான்ப்பா" என்று அவர் காதில் கத்தினாள் மனைவி. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

கட்டுவதற்கு என் ஷூ கயிறு இரண்டும் உதவின. மாமாவே பழைய இடத்தில், பார்த்ததும் கண்ணில் படும்படி, இழுத்து முடிச்சுப் போட்டார். கிடங்கு முடிச்சு. அது அவிழாது.

வண்டியை எடுத்தேன். நாலு குரலும் ஒன்றாக எழும்பின. மாமா முன் சீட்டில் சாய்ந்துகொண்டு, கதறலுக்கு நடுவே நிம்மதியாகப் புன்னகை செய்தார். பக்கத்து வண்டிக்காரன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். பாலத்தின் மேல் ஏறும்போது மாமா பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். காதைத் தொட்டுப் பார்த்தார்.

"திறந்துடுச்சு" என்றார். பிறகு நெற்றி சுருங்கியது. "மாப்பிள்ளை, அது என்ன சத்தம்?"

பின் சீட்டில் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தரம், மாமா" என்றேன்.

அவர் தலையைச் சாய்த்துக் கொஞ்ச தூரம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"பரவாயில்ல," என்றார், "நல்லாவே பாத்திருக்கான்."